ரொம்பத் தூர விமானப் பயணம்: சொன்ன தூரம் ஒன்று, போன நேரம் வேறு. உங்கள் அனுபவம்?

ஜன்னலோரம்:
சிங்கப்பூர்–நியூயார்க் நேர் விமானம். 15,349 கிலோமீட்டர் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கும், தெரியும்தானே. நல்ல தூக்கம் போட்டு எழுந்து திரையைப் பார்க்கிறேன், பசிபிக் நடுவே போய்க்கொண்டிருக்கிறோம், வேகம் மணிக்கு 1,140 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. பக்கத்து சீட்காரர் "ஒலி வேகத்தையே தாண்டிட்டோம் போல" என்று வாயைப் பிளந்தார். அது போகட்டும். இறங்கும்போது கடந்த தூரம் பதினாறாயிரத்தைத் தாண்டியிருந்தது, ஆனாலும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம். தூரம் கூடி நேரம் குறைந்தது இன்னும் மண்டையைக் குடைகிறது.

வடதுருவம்:
அந்த 15,349 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மாதிரி, மிகக் குறுகிய வழி. அதிலேயே போகவேண்டும் என்று விமானத்துக்குக் கட்டாயமில்லை. ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பெல்லாம் ஒன்பது மணி நேரச் சொச்சம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடிய பிறகு நான் போனேன், பதின்மூன்று மணி நேரம்! இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. வடதுருவத்துக்கு மேலே பறந்ததற்கு ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். முன்சீட்டுக்காரர் அதை மடித்து விசிறிக்கொண்டே வந்தார்.

கணக்குவாத்தியார்:
ஜன்னலோரம், அது தரையை வைத்துப் பார்க்கும் வேகம். காற்றுக்குள் விமானம் 900 சொச்சம்தான் போகும், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து 200, 250 என்று தள்ளினால் திரையில் அப்படித்தான் காட்டும். ஒலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் கதை சின்னது. ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ். ராத்திரி ஏறி, பன்னிரண்டு மணி நேரம் பறந்து, பசிபிக் நடுவே நாள் மாறும் தேதிக்கோட்டைத் தாண்டியதால் அதே தேதி மதியம் இறங்கினோம். பக்கத்தில் ஒரு பெரியவர், கிழமை போட்ட மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை மாத்திரையை முழுங்கியாச்சும்மா, இறங்கினா மறுபடி செவ்வாயா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்கிறார். அவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு விழித்தார்.

அதனால் சொல்கிறேன், டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் அப்படியே கழிக்காதீர்கள், இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிக்கொண்டு அப்புறம் கழியுங்கள். தூரத்தை 900ஆல் வகுத்தால் வருவது பறக்கும் நேரம் மட்டும்தான், ஓடுபாதை வரை ஊர்ந்து போவதையும் டிக்கெட்டில் சேர்த்துத்தான் போடுவார்கள், அரை மணியாவது கூட்டிக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், கிழமையைப் பார்க்காமல் எத்தனை மணிக்கு ஒருமுறை என்று பிடித்துக்கொள்வதா என்று. அவ்வப்போது எழுந்து நடங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இணைப்பு விமானம் இருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள்.

வடதுருவம்:
வாத்தியாரே, தண்ணீரைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்? 900ஆல் வகுத்தால் போதும் என்றால் நீங்களே சொன்ன காற்று எங்கே போயிற்று? 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் பக்கம் திருப்பியது. சுமார் 15,300 கிலோமீட்டர், பதினாலரை மணி நேரம். பழைய வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குறைவு, ஆனால் நேரம் அதிகம் பிடித்தது, எதிர்க்காற்று. ஜன்னலோரம் பார்த்ததும் இதேதான். ஆமாம், திரும்பும்போது எந்தப் பக்கம் வந்தீர்கள்?

ஜன்னலோரம்:
அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக. அட, போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன், நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.