டிரெய்லர் இழுக்கப் பழைய பெரிய ஃபோர் வீல் வண்டி எது வாங்கலாம்? அவசரம்

அலையாடி:
வணக்கம். டிரெய்லர் இழுக்க ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டும். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: லேண்ட் குரூசர் 100, நிசான் பேட்ரோல், டிஸ்கவரி 3. மூன்றுமே பார்க்க நன்றாக இருக்கின்றன, ஏசி நன்றாகக் குளிர்கிறது. இதில் எது நம்பகமானது? பேட்ரோல் விற்பவர் நாளைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

டீசல்தாத்தா:
பேட்ரோல். யோசிக்கவே வேண்டாம். டிடி42 இன்ஜின், 4.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், காலாகாலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் கியர். முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
அவர் எந்த இன்ஜின் என்றே சொல்லவில்லையே, தாத்தா. அதே பேட்ரோலில் 3 லிட்டர் இசட்டி30 டீசலும் வந்தது. ஆரம்ப வருடத்து இசட்டி30-களில் பிஸ்டன் போவது உலகம் அறிந்த கதை.

அலையாடி, முதலில் இவற்றைச் சொல்லுங்கள். டிரெய்லரில் என்ன ஏற்றுகிறீர்கள்? மொத்த எடை எவ்வளவு? டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா? வண்டிகளின் வருடம், இன்ஜின், ஆட்டோவா மேனுவலா? எடை தெரியாமல் வண்டி சொல்லச் சொன்னால் யாரும் தங்களிடம் இருக்கும் வண்டியைத்தான் சொல்வார்கள்.

முதல்கியர்:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்த்தால் பதில் பத்து இடத்தில் கிடைக்கும். ஏசி குளிர்கிறதா என்று பார்த்து இழுவை வண்டி வாங்கப் போகிறவருக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது? வண்டியின் மொத்த எடை வரம்பு என்றால் என்ன, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு என்றால் என்ன, இந்த இரண்டும் தெரிந்த பிறகு வாருங்கள், பேசலாம்.

பழையநட்டு:
தெரியாததால்தானே கேட்கிறார் சார். நாமே சொல்லிவிடலாமே.

அலையாடி, விளம்பரத்தில் '3,500 கிலோ இழுக்கும்' என்று ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அது பிரேக் உள்ள டிரெய்லருக்கான உச்சம். அதைவிட முக்கியம், டிரெய்லரின் மூக்கு டோ பால் மேல், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் குண்டின் மேல், அழுத்தும் எடை. பொதுவாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு வைப்பார்கள். படகு டிரெய்லரென்றால் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். அந்த எடை முழுவதும் வண்டி சுமக்கும் பாரத்தில் சேரும்.

லேண்ட் குரூசர் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகையில் மொத்த எடை வரம்பு 3,350 கிலோ, வெறும் வண்டியே சுமார் 2,740. மிச்சம் 610. அதற்கு 3,500 கிலோ டிரெய்லர் மாட்டினால் டோ பாலில் 350 இறங்கும். இனி ஆட்கள், சாமான், முன் பம்பர், கூரைக் கேரியர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 260 கிலோதான். பெரியவர்கள் மூன்று பேர் ஏறினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். இவ்வளவு பெரிய வண்டிக்கே கதை இதுதான்.

அலையாடி:
படகுதான். டிரெய்லரோடு 2 டன் இருக்கும் என்று படகு விற்றவர் சொன்னார். கடலில் இறக்குவேன். பேட்ரோல் 2001, டீசல், ஆட்டோமேட்டிக். லேண்ட் குரூசர் 2004. டிஸ்கவரி 2006, டீசல். பிரேக் பற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
2001, டீசல், ஆட்டோ. அநேகமாக இசட்டி30-ஆகத்தான் இருக்கும். பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைப் பாருங்கள். தாத்தா, தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

டீசல்தாத்தா:
இசட்டி30 என்றால் நானும் வேண்டாம் என்பேன். நான் சொன்னது டிடி42.

சுருட்டியகயிறு:
'2 டன் இருக்கும்' என்பதை நம்பாதீர்கள். படகு விற்பவர்கள் சொல்வது படகின் வெறும் கூட்டின் எடை. அவுட்போர்டு இன்ஜின், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, டிரெய்லரின் இரும்பு இதில் எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 200 லிட்டர் டாங்க் நிரம்பினால் அதுவே 150 கிலோ பக்கம். எடைமேடைக்குக் கொண்டுபோய் எல்லாம் ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்துங்கள். அந்தச் சீட்டு கையில் இல்லாமல் வண்டி பேசுவதில் அர்த்தமில்லை.

பிரேக் கேள்வியையும் தள்ளிப் போட வேண்டாம். பல நாடுகளில் 750 கிலோ தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 2 டன் படகை பிரேக் இல்லாமல் இழுப்பது சட்டத்துக்கு முன்னால் உயிருக்கே ஆகாது.

கிளட்ச்காரன்:
எந்த வண்டியானாலும் மேனுவல் எடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பாரம் இழுத்தால் எண்ணெய் கருகும், அப்புறம் கியர்பாக்ஸே போகும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் மேனுவல் மாதிரி வராது.

வெள்ளைப்புகை:
இதைப் படகு இறக்கும் சரிவில் நின்று சொல்லுங்கள் பார்க்கலாம். ஈரமான சரிவு, பின்னால் இரண்டு டன், நிலையிலிருந்து மேலே ஏற வேண்டும். அங்கே கிளட்ச் வாசனை வருவதுதான் வழக்கம். ஆட்டோவில் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும் நேரத்தில் இன்ஜினின் முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுக்கிறது, தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

கிளட்ச்காரன்:
அதற்குத்தான் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் இருக்கிறது. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு காலை எடுத்தால் வண்டி தானாக ஏறும். கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்து ஏற்றுகிறவர் தவறுக்கு கியர்பாக்ஸ் என்ன செய்யும்?

வெள்ளைப்புகை:
கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் நீண்ட ஏற்றத்தில் ஓட்டினால் சூடு ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஓவர்டிரைவை (வேகமாக ஓட்டுவதற்கான மேல் கியர்) அணைத்துவிட்டு, ஒரு கியர் குறைத்து ஓட்டி, தனி ஆயில் கூலர் போட்டால் அந்தப் பிரச்சனை பெரும்பாலும் தீரும். மேனுவல் பெட்டிகளிலும் ஐந்தாவது கியரில் பாரம் இழுத்துப் பல் போனவை நிறைய.

முதல்கியர்:
இருவருக்கும் சொல்கிறேன்: கேட்டவர் பார்த்த பேட்ரோல் ஆட்டோ, டிஸ்கவரி எது என்று சொல்லவில்லை, லேண்ட் குரூசரின் இன்ஜினே தெரியாது. இல்லாத வண்டிக்கு கியர்பாக்ஸ் சண்டை. அருமை.

பழையநட்டு:
சண்டை நடக்கட்டும். கடல் என்று சொல்லியிருக்கிறார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏற்கெனவே படகு இழுத்த வண்டியாக இருந்தால் பின்பக்கத்தைக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஓடி வந்த பின் டிஃபரென்ஷியல் (ஆக்சில் நடுவே இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி, சுருக்கமாக டிஃப்) நல்ல சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு பின் ஆக்சிலைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். காற்று போய்வரும் குழாயான பிரீதர் அடைபட்டிருந்தால் தேய்ந்த சீல் வழியாகவோ, பிரீதர் தாழ்வாக இருந்தால் அதன் வழியாகவோ உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆகவே டிஃப் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டு எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கும் துருப்பிடித்திருக்கும். வாங்கிய பின் பிரீதர் குழாயை நீட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள், சின்ன வேலை.

அடுத்து சேசிஸ். பின் குறுக்குச் சட்டம், டோ பாரை (டோ பாலைத் தாங்கும் சட்டம்) போல்ட் போட்ட இடங்கள், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பிரேக் குழாய்கள், பின் சக்கரங்களுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு. புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகம் இரண்டு மடங்கு. டோ பாரில் பூட்டு ஆணி போடும் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் வண்டி நிறைய இழுத்திருக்கிறது என்று பொருள், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

ஆட்டோ என்றால் கியர் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், கருகல் வாசனை கூடாது. சில நிசான்களில், குறிப்பாக 2005 முதல் 2010 வரையிலான பாத்ஃபைண்டரில், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் கூலர் ஒழுகி கூலண்டோடு கலந்து பெட்டியே போனது உண்டு. எந்த வண்டியானாலும் கூலண்ட் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது, இன்ஜின் ஆறிய பிறகுதான்.

காற்றுமெத்தை:
டிஸ்கவரியை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? 2006 டீசல் என்றால் 2.7 வி6, பாரம் மாட்டினாலும் ஏர் சஸ்பென்ஷன் பின்பக்கம் இறங்காமல் தானே சமப்படுத்தும். இழுத்து ஓட்டும்போது அந்த நிதானம் மற்ற இரண்டிலும் வராது. என்னுடையது அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
ஓட்டுவதற்கு அருமையான வண்டி, மறுக்கவில்லை. கேள்வி நம்பகத்தன்மை பற்றியது. அந்த இன்ஜினுக்கு முன்னால் டைமிங் பெல்ட், பின்னால் எரிபொருள் பம்புக்குத் தனி பெல்ட், இரண்டையும் மாற்றிய சான்று வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் பேரிங் போகும் பேச்சும் அந்த வி6 குடும்பத்தைச் சுற்றி உண்டு. சில பெரிய வேலைகளுக்கு பாடியையே சேசிஸிலிருந்து தூக்குவார்கள். பழைய டிஸ்கவரி வாங்குகிறவர் வண்டியின் விலைக்கு மேல் பராமரிப்புப் பணத்தைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

சாலையோரன்:
ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். பஜேரோவும் 3,000 கிலோ இழுக்கும் என்கிறார்களே, அது ஏன் பட்டியலில் இல்லை?

பழையநட்டு:
இழுக்கும். ஆனால் கையேட்டைப் பாருங்கள்: நான் பார்த்த 3.2 டீசல் கையேட்டில் 2,500 கிலோ வரை டோ பால் எடை 250, அதற்கு மேல் போனால் 180 மட்டும்தான். 3,000 கிலோவுக்கு 180 என்பது மூக்கு லேசான டிரெய்லர். மூக்கு லேசானால் வால் ஆடும். பாரத்தைப் பின்னால் ஏற்றியவர்கள் நெடுஞ்சாலையில் பாம்பாட்டம் ஆடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 2 டன்னுக்குள் என்றால் பஜேரோ நல்ல வண்டி.

டீசல்தாத்தா:
வீல்பேஸையும் சொல்லுங்கள். நீளமான பேட்ரோல் 2,970 மி.மீ., லேண்ட் குரூசர் 100 2,850, நீளமான பஜேரோ 2,780. நீளம் கூடினால் பின்னால் இருப்பது வண்டியை ஆட்டுவது குறையும். பேட்ரோல் பேட்ரோல்தான். நல்ல டிடி42 ஒன்று தேடுங்கள், அலையாடி.

கிளட்ச்காரன்:
மேனுவல் டிடி42.

வெள்ளைப்புகை:
ஆரம்பித்துவிட்டார். அந்த பேட்ரோல் பார்ட் டைம் ஃபோர் வீல், தேவைப்படும்போது மட்டும் போடுவது, என்பதையும் சொல்லுங்கள். உலர்ந்த தார் சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கொள்ளும். மழையில் நனைந்த சாலையும் காய்ந்த சாலையும் மாறி மாறி வரும் பயணத்தில் இழுத்துக்கொண்டு போகும்போது, முன், பின் ஆக்சில்களுக்கு நடுவிலும் ஒரு டிஃப் உள்ள லேண்ட் குரூசரில் எப்போதும் நாலு சக்கரமும் பிடித்திருக்கும். யோசிக்க வேண்டியதே இல்லை.

அலையாடி:
பேட்ரோல் விற்பவர் டிஃப் போல்ட்டைக் கழற்ற விடவில்லை. விட்டுவிட்டேன். எடைமேடையில் படகு, டிரெய்லர், எண்ணெய் எல்லாம் சேர்த்து 2,640 கிலோ. டிரெய்லரில் பிரேக் இருக்கிறது, ஒரு பக்கம் பிடிக்கவில்லை, கழற்றக் கொடுத்திருக்கிறேன். லேண்ட் குரூசரைப் பார்த்தேன், 4.2 டர்போ டீசல், ஆட்டோ. எண்ணெய் சுத்தம், சுத்தியல் சத்தமும் சரி. ஞாயிறு அட்வான்ஸ். எல்லோருக்கும் நன்றி.

சுருட்டியகயிறு:
நல்லது. 2,640-க்கு டோ பாலில் 200 முதல் 260 கிலோ வரும். அதையும் தனியாக எடை போட்டு, டோ பாரில் அடித்திருக்கும் எண்ணோடு சரி பாருங்கள். டோ பாரின் வரம்பு வண்டியின் வரம்பை விடக் குறைவாக இருப்பதும் உண்டு. சிறியதுதான் கணக்கு.

கணக்குப்பிள்ளை:
அலையாடி, அந்த 4.2 டர்போவுக்கும் டைமிங் பெல்ட் உண்டு. சில சந்தைகளில் 1,00,000 கி.மீ., சிலவற்றில் 1,50,000 என்று இடைவெளி போட்டிருப்பார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள், ரசீது இருக்கிறதா?

முதல்கியர்:
ஞாயிறுக்கு முன் பதில் வந்தால் ஆச்சரியம்தான்.

கணக்குப்பிள்ளை:
அலையாடி? பெல்ட் ரசீது?