சபைக்குப் போன அக்காமார்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ

பாலைப்பழம்

நான்தான் தொடங்குகிறேன். 2018 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும், விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவு. எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்ததும் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மண்டபத்துக்குள் பிரதேச சபை உறுப்பினர் அக்கா நின்றார். வட்டாரத்தில் வென்றவரல்ல, அந்த வருடம்தான் கட்சிப் பட்டியலில் வந்தவர். நனைந்த சேலையை இடுப்பில் சொருகியிருந்தார், கையில் ஒரு சீஆர் கொப்பி. ஒவ்வொரு குடும்பமாகக் குந்தியிருந்து எழுதிக்கொண்டு வந்தார். எனக்குக் குளிர், பசி, எரிச்சல். எங்கள் பாய்க்குக் கிட்ட வந்ததும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "என்னக்கா, அடுத்த எலக்சனுக்கு இப்பவே பேர் எடுக்கிறியளோ?" என்றேன். பக்கத்துப் பெடியங்கள் சிரித்தார்கள்.

அவர் கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "தம்பி, அம்மா போடுற பிறசர்க் குளிசை என்ன நிறம்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வயது எனக்கு. அம்மா ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்கு முன்னால் போடுகிற குளிசை. பின்னாலிருந்து அம்மா சொன்னார்: "வெள்ளை பிள்ளை. பாதியா உடைச்சுப் போடுறனான். போத்தலோட தண்ணிக்க போட்டுது."

அடுத்த நாள் மத்தியானம் லாண்ட்மாஸ்டரில் அரிசியும் தறப்பாளும் வந்தபோது ஒரு கடித உறையும் வந்தது. மேலே அம்மாவின் பெயர், உள்ளே குளிசை. வாங்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை.

தேத்தண்ணிக்கடை

எந்தச் சபை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அதன் வாசலுக்கு எதிரே எனக்குக் கடை இருந்தது. 2018இல் தவிசாளரை, அதாவது சபைத் தலைவரை, தெரிவு செய்யும் முதல் அமர்வு. ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. அப்படி என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே: பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு, சமனாக வந்தால் திருவுளச்சீட்டு.

காலையில் ஒரு தங்கச்சி கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். புது உறுப்பினர். "இரகசியமா வச்சா நல்லமண்ணை" என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பத்து மணிக்கு உள்ளே தேத்தண்ணித் தட்டோடு போனேன். சரியாக அந்த நேரம் கை உயர்த்தச் சொல்கிறார்கள். பகிரங்கமாகத்தான். தங்கச்சியின் கை தோள்மட்டம் வரை வந்து நின்றது. முன்வரிசையில் இருந்த அவரது கட்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். கை மேலே போனது. அந்தக் கையை அவர் வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

காலையில் குடித்த தேத்தண்ணிக்கு நூறு ரூபாத் தாள் தந்துவிட்டு மிச்சக்காசை வாங்காமல் போனவர். பிறகு கடைப் பக்கம் வரவே இல்லை. அந்தக் காசு இன்னும் என்னிடம்தான்.

லாண்ட்மாஸ்டர்

எல்லோரும் உருகுகிறீர்கள். பாலைப்பழம், குளிசை கொடுப்பது சுகாதாரப் பகுதியின் வேலை. சபை உறுப்பினர் செய்ய வேண்டியதைச் செய்தாரா என்று சொல்லுங்கள்.

என் அனுபவம் இது. எங்கள் வீதியில் மதகு உடைந்து மூன்று வருடம். நெல்லு ஏற்றிய உழவு இயந்திரம் இரண்டு தடவை குடை சாய்ந்தது. நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறுப்பினர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். கடதாசியை வாங்கவே இல்லை. "தம்பி, அது எங்கட சபையின்ர வீதி இல்லை" என்றார். பிறகு தவிட்டுக் கையாலேயே குளத்துப் பக்கம் காட்டி ஏதோ திணைக்களத்தின் பெயர் சொன்னார். நான் கேட்கவில்லை, வந்துவிட்டேன். அந்தத் தவிட்டுக் கை இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. கேள்வி கேட்டால் தட்டிக்கழிக்கத்தான் பெண்களுக்கென்று இந்த இருபத்தைந்து வீதமா? வட்டாரத்தில் நின்று வென்று வரட்டும், மரியாதை தருகிறேன். பட்டியலில் வந்தவருக்கு யார் வாக்குப் போட்டது?

அடுப்படி

லாண்ட்மாஸ்டர் தம்பி, பட்டியலில் வருவது எப்படி என்று நான் சொல்கிறேன். நான் ஒரு பட்டியலில் இருந்தவள்.

2018 பெப்ரவரித் தேர்தல்தான் 25 வீத ஒதுக்கீட்டோடு நடந்த முதல் தேர்தல். அதற்கு முன் நாடு முழுக்க எடுத்தாலும் உள்ளூராட்சியில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சட்டம் இப்படி: ஆசனங்களில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். வட்டார வேட்புமனுவில் பத்து வீதம் பெண்கள் இருந்தால் போதும், மேலதிகப் பட்டியலில் பாதிப்பேர் பெண்கள். ஆகவே கட்சிகள் என்ன செய்தன? வெல்லக்கூடிய வட்டாரத்தில் ஆண்களை நிறுத்திவிட்டுப் பெண்களைப் பட்டியலுக்குள் போட்டன. "வென்று வரட்டும்" என்கிறீர்கள். நிறுத்தினால்தானே வெல்லுவதற்கு.

என் கதை நாலு வரிதான். இரவு ஏழரைக்குக் கட்சிக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். விடிந்தால் வேட்புமனு, ஒரு பெண் குறைகிறதாம். "ஒண்டும் செய்யத் தேவையில்லை அக்கா, பேருக்குத்தான்." நான் மீனுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தின் ஓரத்தில் மஞ்சள் பெருவிரல் அடையாளம் விழுந்துவிட்டது. அவர்கள் அதை ஊதி ஊதிக் காயவைத்தார்கள், அழிக்கப் பார்த்தார்கள், போகவில்லை.

தேர்தல் முடிந்து எங்கள் கட்சிக்குப் பட்டியலில் ஆசனம் கிடைத்தது. யாரைப் போடுவது என்று கட்சிதான் தீர்மானிக்கும். வேறொருவரைப் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை, முகநூலில் பார்த்தேன். என்னை உறுத்துவது அது அல்ல. அதைப் பார்த்தபோது "அப்பாடா" என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் உறுத்துகிறது.

இன்னொன்று. 25 வீதம் என்று சட்டம் சொன்னாலும் எல்லாச் சபையிலும் அது வரவில்லை. இருபது வீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் எடுத்த கட்சி பெண்ணைப் போடவேண்டிய கட்டாயமில்லை. சின்னக் கட்சிகள் பல வந்த சபைகளில் கணக்கு அங்கேயே ஓட்டையாகிவிட்டது.

லாண்ட்மாஸ்டர்

அக்கா, சட்டம் படிக்க நான் வரவில்லை. சபையை விடுங்கள். வன்னியிலிருந்து மேலே போன பெண் ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பாலைப்பழம்

2015இல் சாந்தி சிறீஸ்கந்தராசா? வன்னி மாவட்டத்தில் கேட்டுத் தோற்று, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தேசியப்பட்டியலில் பாராளுமன்றம் போனாரே. 2013 மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் 87,000க்கு மேல் விருப்பு வாக்கு எடுத்தார், அவர் கேட்ட மாவட்டத்தில் விக்னேஸ்வரனுக்கு அடுத்தபடி. பிறகு மாகாண அமைச்சரும் ஆனார்.

லாண்ட்மாஸ்டர்

அனந்தி யாழ்ப்பாண மாவட்டத்தில் கேட்டவர்.

பாலைப்பழம்

சரி அண்ணை, ஆனால் வன்னி நிலத்தில் இருக்கிற கிளிநொச்சியின் வாக்கும் பாராளுமன்றத்துக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்தானே எண்ணுவது. மாகாண சபைக்குத்தான் கிளிநொச்சி தனி மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்துதான் தேர்தலில் "வன்னி". அந்த மூன்றுக்கும் சேர்த்து ஆறு ஆசனம். அதற்குள் எத்தனை ஆண்கள் முட்டிமோதுகிறார்கள் என்று நீங்களே பார்க்கிறீர்கள். மாகாண சபையும் 2018 ஒக்டோபரோடு முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. மேலே போக ஏணி எங்கே இருக்கிறது?

பென்சன்காரன்

பிள்ளைகள், சண்டை பிடிக்காதேங்கோ. நான் முப்பது வருடம் அரச உத்தியோகம் பார்த்தவன். என் அனுபவம் சின்னது. 2009, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். தண்ணீர் பவுசர் வரும்போது நடக்கிற அடிபாடு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வலயத்தில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் ஆட்களை வரிசையில் நிற்க விடாமல் வாளிகளை வரிசையில் வைக்கச் சொன்னார். வாளி வெயிலில் நின்றது, கிழவர்கள் தறப்பாள் நிழலில் இருந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து அந்த முகத்தை வட்டாரச் சுவரொட்டியில் பார்த்தேன். தோற்கிற பக்கம் என்று மற்றப் பக்கத்துக்குப் போட்டேன். அவர் தோற்றார்.

சரி, அதை விடுங்கள். இங்கே வாசிக்கிற தங்கச்சிமாருக்குச் சில விடயம் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

முதலில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருங்கள். தலைவியாக அல்ல, பொருளாளராக. கணக்குக் கொப்பி எழுதப் பழகினவளைச் சபையில் ஏமாற்றுவது கஷ்டம். வரவு செலவுத் திட்டம் வரும் மாதத்தில் எல்லோரும் தெருவிளக்குக்குச் சண்டை பிடிப்பார்கள். நீங்கள் போன வருடம் ஒதுக்கிச் செலவழிக்காமல் கிடக்கிற காசு எவ்வளவு என்று கேளுங்கள்.

இரண்டாவது, லாண்ட்மாஸ்டர் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எந்த வீதி யாருடையது என்று முதல் கிழமையே பாடமாக்குங்கள். ஏ9, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34, பரந்தன் முல்லைத்தீவு ஏ35, இப்படி ஏ, பி வகை எல்லாம் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. அடுத்த வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. குளக்கட்டும் வாய்க்கால் கரையும் பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத்துக்கு, சின்னக் குளமென்றால் கமநல சேவைக்கு. மிச்சமிருக்கிற கிறவல் ஒழுங்கைகள்தான் சபைக்கு. தம்பி, அந்த அம்மா குளத்துப் பக்கம் கை காட்டித் திணைக்களத்தின் பெயர் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பதில்தானே. தொடக்கத்தில் பெயர்ப்பலகை இருக்கும், போய் வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, சபையில் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் பிரேரணையாகக் கொடுங்கள். வாயால் கேட்டது சத்தத்தில் போய்விடும். அடுத்த அமர்வில் கூட்டறிக்கை வாசிக்கும்போது உங்கள் பெயரும் உங்கள் சொல்லும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கிறவர் தராததை வெளியிலிருந்தும் எடுக்கலாம், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் அதற்குத்தான்.

நான்காவது, வீட்டில் பேசி முடியுங்கள். அமர்வு மத்தியானம் தாண்டும், மரணவீடு நடுச்சாமத்தில் கூப்பிடும், மாதக் கொடுப்பனவு பெற்றோலுக்கே காணாது. புருசன்மார் முதல் மாதம் பெருமைப்படுவார்கள், மூன்றாம் மாதம் சோறு ஆறிவிட்டது என்பார்கள். யாருக்கும் கிழமைக்கடனுக்குப் பிணை நிற்காதீர்கள், உறுப்பினர் என்றால் முதலில் உங்களிடம்தான் வருவார்கள்.

இன்னும் இருக்கிறது, கண் தெரியவில்லை, நாளைக்கு எழுதுகிறேன்.

அடுப்படி

ஐயா, "வீட்டில் பேசி முடியுங்கள்" என்று புருசன்மாரைச் சொல்கிறீர்கள். இந்த மாவட்டங்களில் எத்தனை வீட்டில் புருசன் இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? தனிய வீட்டை நடத்துகிறவர்கள் சங்கங்களில் நிறையப்பேர். அவர்களுக்குச் சோறு ஆறினதைச் சொல்லவும் ஆளில்லை.

பென்சன்காரன்

உண்மை மகள். எழுதினது பிழை.

பனிக்குளிர்

எனக்கு ஒரு கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

2017, முல்லைத்தீவில் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு. ஜனவரிக் கடைசியில் தொடங்கி, படையினர் வைத்திருந்த எங்கள் காணியை விடும் வரை ஒரு மாதம் போராட்டமாக றோட்டில் கிடந்தோம். பகலில் கமரா வரும், அரசியல்வாதி வருவார், முன்வரிசையில் இருந்து படம் எடுப்பார், போய்விடுவார். இரவில் யாரும் இல்லை. தை மாதப் பனி தெரியும்தானே, தறப்பாளிலிருந்து சொட்டும்.

ஒரு பெண் நடுச்சாமத்துக்குப் பிறகு வருவார். பக்கத்து ஊர். சுடுதண்ணிப் பிளாஸ்க் இரண்டு, ஒரு பையில் பனங்கட்டி. பிள்ளைகளை எழுப்பாமல் எங்களுக்கு மட்டும் ஊற்றித் தருவார். மாமி ஒருத்தி, "எந்தக் கட்சி பிள்ளை?" என்று நேராகவே கேட்டார். "கட்சி இல்லை அம்மா, மாதர் சங்கம்" என்றார். மாமி நம்பினார். நானும்.

அடுத்த வருடம் சந்தியில் சுவரொட்டி. அதே முகம், பொட்டு கொஞ்சம் பெரிதாக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்ப அந்தப் பிளாஸ்க் இதுக்குத்தானா என்று நினைத்தேன். வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்தபோது படலையைத் திறக்கவில்லை. அவர் படலைக்கு வெளியே நின்று, "முழங்கால் வலி இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். றோட்டில் கிடந்தபோது ஒரு தடவை சொன்னதை வைத்திருந்திருக்கிறார். நான் உள்ளே நின்று பதில் சொல்லவில்லை. துண்டுப் பிரசுரத்தைப் படலையில் செருகிவிட்டுப் போனார்.

இப்போது யோசித்தால், அவர் அன்று சொன்னது பொய் இல்லை. அப்போது கட்சி இல்லைதான். ஆனால் ஏன் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது? ஆண்கள் பத்துப்பேர் அதே சுவரில் இருந்தார்கள், அவர்களில் ஒருவரும் பனியில் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

தேத்தண்ணிக்கடை

2025 மே தேர்தலில் நின்றவரா தங்கச்சி?

பனிக்குளிர்

இல்லை. பட்டியலிலும் பெயர் இல்லை. சங்கத்தில் இருக்கிறார் என்று கேள்வி.

பாலைப்பழம்

பிறசர்க் குளிசை இப்போது நிறம் மாறிவிட்டது, இளஞ்சிவப்பு. பாதி இல்லை, முழுசு. சும்மா சொன்னேன்.

லாண்ட்மாஸ்டர்

பென்சன் ஐயா, பலகை பார்க்கப் போனேன். பலகை இல்லை, இரண்டு இரும்புக் கம்பி மட்டும் நிற்கிறது. விசாரித்தால், புயலில் விழுந்ததை முடக்கு வீட்டுக்காரர் எடுத்துக் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டிருக்கிறார். குனிந்து வாசித்தேன். மேலே பாதி சாணி. கீழே "...பாசனத் திணைக்களம்" என்று தெரிகிறது.

கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது கையெழுத்தில் மூன்று பேர் இப்போது இல்லை. அதையே கொடுக்கலாமா, புதிதாக வாங்க வேணுமா?