நோய்க்குப் பின் மீண்டும் கார் ஓட்டியவர்கள்: மறக்க முடியாத ஒரு தருணத்தைப் பகிருங்கள்

செந்தூல்வாசி

எனக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கையும் காலும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பிவிட்டதால், நான் நடப்பதைப் பார்க்கும் எவரும் எனக்கு அப்படியொரு நோய் வந்ததையே நம்பமாட்டார்கள். நானும் அதே நம்பிக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு ஜாலான் ஈப்போ வழியாகச் சௌகிட் சந்தைக்குப் புறப்பட்டேன்.

இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் சமிக்ஞை கொடுத்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், திருப்பினேன். அந்த நொடியில் மனைவி “நிறுத்துங்கள்!” என்று அலறினார். காரின் முன்மூலைக்கு ஒரு சாண் தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. நம் ஊரில் பலர் செய்வதுபோலச் சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்த ஓர் இளைஞர், கைப்பிடியை இறுகப் பற்றியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் கண்ணாடியைப் பார்த்தது உண்மை, அவர் என் கண்ணில் படாததும் உண்மை.

மறுவாரம் கண் மருத்துவர் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் ஒன்றையும் தவறவிடவில்லை என்ற நிறைவோடு எழுந்தேன். தாளில் பார்த்தால், இரு கண்களுக்கும் இடப்பாதி முழுவதும் கறுப்பாக இருந்தது. மூளையின் வலப்பக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பு அது என்று விளக்கினார். அங்கே எனக்கு இருட்டாகத் தெரியவில்லை. அப்படியோர் இடம் இருப்பதே தெரியவில்லை. சில மாதங்களாக வாழையிலையின் இடப்பக்கத்தில் வைத்த ஊறுகாயையும் அப்பளத்தையும் தொடாமல் எழுந்துகொண்டிருந்தேனாம். நான் உப்பைக் குறைக்கிறேன் என்று மனைவி எண்ணியிருக்கிறார்.

இதைப் போன்று யாருக்கேனும் நேர்ந்திருக்கிறதா?

ஜெலுத்தோங் மகள்

ஐயா, எனக்கு நேரவில்லை, ஆனால் என் தந்தையாருக்கு வேறு விதமாக நேர்ந்தது. அவருக்கு வயது 76. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்து லாரியில் சரக்கேற்றிக்கொண்டு அதைக் கடந்தவர். கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை தெளிவாகிவிட்டது என்று மீண்டும் எங்கள் மைவி காரை எடுத்தார். ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அருகே வண்டியை நிறுத்தும்போது பிரேக்குக்குப் பதிலாக எண்ணெய் மிதியை அழுத்திவிட்டார். சுவர் இருந்தது, ஆள் இல்லை. வண்டி மோதிய பிறகும் அவர் கால் அந்த மிதியிலேயே இருந்ததையும், இன்ஜின் கத்திக்கொண்டே இருந்ததையும், “பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததையும் என்னால் மறக்க முடியவில்லை. பட்டறையில் பார்த்தபோது பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை.

அன்றே சாவியை வாங்கிக்கொண்டேன். இப்போதும் அவர் காலையில் சாவியைக் கேட்டு வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இடுப்பு வாரையும் மாட்டிக்கொண்டு, பத்து நிமிடம் இன்ஜினைச் சூடாக்கிவிட்டுச் சாவியைத் திருப்பித் தருகிறார். வண்டி நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்

சகோதரி, நீங்கள் பாசத்தால் செய்ததை உணர்கிறேன், ஆனாலும் ஒரே ஒரு தவறுக்காகச் சாவியைப் பறித்தது சரியல்ல என்பதே என் கருத்து. எனக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்தது. ஆறு வாரம் கழித்து முதன்முறையாக ஜாலான் துன் சம்பந்தனில் ஓட்டியபோது முன்னால் போன பேருந்து திடீரென நின்றது. பிரேக்கை மிதித்த நொடியில் முழங்காலில் ஏறிய வலியால் காலை அரைநொடி தளர்த்திவிட்டேன். அவ்வளவுதான் என் கதை. அந்த அரைநொடி என்னைத் திருத்தியது.

வயதானவர்கள் வீட்டில் உள்ள எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான். முதலில், இன்ஜினை அணைத்துவிட்டு, நின்ற காரில் அமர்ந்து, எண்ணெய் மிதியிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றி முழு பலத்தோடு அழுத்திப் பழக வேண்டும். தளர்ந்த செருப்போடு ஓட்டக் கூடாது. இருக்கையின் தூரத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும், ஏனெனில் அறுவைக்குப் பின் முழங்கால் முன்போல மடங்காது. தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரை உட்கொள்ளும் நாள்களில் சாவியைத் தொடவே கூடாது. பிறகு, ஆளில்லாத கார் நிறுத்துமிடம், அதன் பிறகு தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், இருக்கும் சாலைகள், கடைசியாகத்தான் கூட்டரசு நெடுஞ்சாலை. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால் புதுப்பிக்க முடியாது, தொடக்கத்திலிருந்து தேர்வெழுத வேண்டும் என்பதால், நெடுநாள் படுத்திருந்தவர்கள் அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகும் முடியவில்லை என்றால் மட்டுமே சாவியைக் கேட்கலாம். உங்கள் தந்தையாருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஜெலுத்தோங் மகள்

அண்ணா, முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தது. என் தந்தையாருக்குத் தம் கால் எந்த மிதியில் இருந்தது என்பதே தெரியவில்லை. சுவருக்குப் பதிலாகக் காய்கறி வாங்க நின்றிருந்த ஒரு பாட்டி இருந்திருந்தால், அந்த வாய்ப்பை நான் யாருக்குக் கொடுத்திருப்பேன்?

பாயான் பாரு

இருவருமே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு, இன்சுலின் போடுகிறேன். ஒருநாள் காலையில் ஊசி போட்டுவிட்டு, பசியாறத் தாமதமாகும் என்று தெரிந்தும் புறப்பட்டேன். கிரீன் லேன் சாலையில் சமிக்ஞை விளக்கு பச்சையானது. அது பச்சை என்று எனக்குத் தெரிந்தது. பச்சை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. பின்னால் ஹாரன்கள் கேட்டன, ஸ்டீயரிங் என் வியர்வையில் வழுக்கியது. ஒரு சீன மூதாட்டி இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தம் கையில் இருந்த மைலோ பானப் பொட்டலத்தை உறிஞ்சுகுழலோடு என் வாயில் வைத்தார். சற்று நேரம் கழித்துச் சோதித்தபோதுகூட இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 3.1 மில்லிமோல்தான், மிகத் தாழ்வு.

இப்போது அளந்து பார்க்காமல் சாவியைத் திருப்புவதில்லை. 5க்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்ட பிறகே ஓட்டலாம் என்றும், சர்க்கரை தாழ்ந்த பிறகு அளவு சரியானாலும் முக்கால் மணிநேரம் காத்திருக்க வேண்டும், மூளை தெளிய அந்த நேரம் ஆகும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்பரே, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் நான் நூறு முறை பழகியிருந்தாலும் அன்று அது எனக்கு உதவியிருக்காது.

செந்தூல்வாசி

அனைவருக்கும் நன்றி. அன்பரின் அறிவுரையை நான் மதிக்கிறேன், என் மருமகனுடன் சேர்ந்து அதில் பாதியைச் செய்தும் பார்த்தேன். காலியான இடத்தில் நான் மிக நன்றாக ஓட்டினேன். இடப்பக்கத்திலிருந்து எவரும் வராத இடத்தில் என் குறை வெளிப்பட வழியே இல்லை.

பிறகு, நோய்க்குப் பின் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் சென்றேன். தாளில் சிதறிக் கிடந்த எண்களையும் எழுத்துகளையும் ஒன்று, ஏ, இரண்டு, பி என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொன்னார். அடுத்தது தாளின் இடது ஓரத்தில் இருந்தபோதெல்லாம் என் பென்சில் நின்றுவிட்டது. அது அச்சில் விடுபட்டிருக்கிறது என்று அவரிடம் வாதாடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை வலப்பக்கமாக நகர்த்தினார். எழுத்து அங்கே இருந்தது. இத்தனை மாதங்கள் கழித்து அந்தப் பார்வை திரும்ப வாய்ப்புக் குறைவு என்று கண் மருத்துவரும் சொல்லிவிட்டதால், ஓட்டுவதை நிறுத்திக்கொண்டேன். சந்தைக்கு எல்ஆர்டி ரயிலில் போகிறேன்.

என் மனைவி 57 வயதில் ஓட்டக் கற்கிறார். சென்ற வாரம் கணினித் தேர்வில் 50 கேள்விகளில் 46க்குச் சரியாக விடையளித்துவிட்டார், 42 இருந்தாலே தேர்ச்சி. நாளை மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் பயிற்சி. பின்னால் உருளாமல் எப்படி எடுப்பது என்று நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் கேட்டார்; என் காலை மேசைக்கு அடியில் அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.