பிஎஸ்6 புது லாரி காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை: ஹை பிரஷர் பம்ப்தான் காரணமா?

கேள்வி: லாரி உரிமையாளர், சங்ககிரி

அனைவருக்கும் வணக்கம். சேசிஸாக வாங்கி, நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் பாடி கட்டி ஓட்டத்துக்கு விட்ட பத்துச் சக்கர டீசல் லாரி ஒன்று என்னிடம் உள்ளது. இதுவரை 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பகலில் எத்தனை இடத்தில் நிறுத்தி எடுத்தாலும் சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இரவு முழுவதும் நின்ற பிறகு, விடியற்காலையில் எடுக்க மறுக்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. ஓசூரில் லோடு இறக்கிவிட்டு அங்கேயே நிற்கும் குளிர்ந்த காலைகளில் தொல்லை மிகுதி. சங்ககிரியில் நின்றால் சற்று நேரம் சுற்றிய பின் சில நாட்களில் பிடித்துக்கொள்கிறது.

டீசல் ஃபில்டர்களை மாற்றிவிட்டோம். வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து வடித்துப் பார்த்ததில் துளித் தண்ணீர்கூட இல்லை. ஹேண்ட் பம்பை அடித்தால் நன்றாக இறுகுகிறது. ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) தொட்டி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து, வண்டி நிற்கும்போது 25.3 வோல்ட் காட்டுகின்றன. எலக்ட்ரீஷியன் ஒருவர் பேட்டரி மைனஸைச் சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் இணைக்கும் எர்த் கேபிள்கள் எல்லாவற்றையும், இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டர் பஸ்ஸரில் வைத்துப் பார்த்து, எதிலும் குறையில்லை என்றார்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டபோது பி0087, அதாவது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) குறைவு என்ற பிழைக் கோடு வந்தது. ஹை பிரஷர் பம்ப் தேய்ந்திருக்கலாம் என்றும், கலப்பட டீசலால் தேய்ந்ததாகத் தெரிந்தால் வாரண்டி கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். வாரண்டி இல்லாமல் பம்ப், இன்ஜெக்டர் என்று இறங்கினால், மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் என்னால் அந்தச் செலவைத் தாங்க முடியாது.

இரண்டு விவரங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலையில் பக்கத்து லாரியின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்தபோது எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் ஆனது. பேட்டரிதான் பலவீனம் என்று கருதி வேறு நல்ல பேட்டரிகளை மாற்றிப் போட்டோம். மறுநாள் காலையில் பழைய கதைதான். இன்னொரு முறை சங்கிலி கட்டி இழுத்ததில் சில அடி நகர்வதற்குள் பிடித்துக்கொண்டது. பம்பைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன்னால் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: டீசல் மெக்கானிக், கரூர்

இரவு முழுவதும் நின்றால்தான் இந்தத் தொல்லை என்பதால், டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் பைப்பில் எங்காவது வாஷர் சரியாக அமராவிட்டால், வண்டி நிற்கும் நேரத்தில் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கி லைன் காலியாகிவிடும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஹோஸை மாட்டி, காலையில் ஹேண்ட் பம்பைத் தொடாமல் செல்ஃப் அடித்தால் குமிழி வருகிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதிலும் தெரியாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லி டீசல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், நாமக்கல்

மேலே அண்ணன் சொன்ன கண்ணாடி ஹோஸ் சோதனை நல்ல சோதனை; செலவும் இல்லை. ஆனால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். பழைய இன்லைன் பம்ப் காலத்து வழக்கம் அது. காமன் ரெயிலில் எஞ்சின் எதிர்பாராமல் பிடித்துக்கொண்டால் அந்த நட்டின் ஓரத்தில் சில நூறு பார் அழுத்தத்தில் டீசல் பீறிடும், ஓட்டத்தில் அது 1,600 பாரையும் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கினால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

சங்ககிரித் தம்பி எழுதியதில் என் கண்ணை நிறுத்தியது வேறு இடம். கேபிள் கொடுத்தபோது உடனே ஸ்டார்ட் ஆனது, நல்ல பேட்டரியையே மாட்டியபோது ஆகவில்லை என்கிறீர்கள். அன்று கறுப்பு கிளிப்பை எங்கே மாட்டினீர்கள்? உங்கள் பேட்டரியின் மைனஸ் முனையிலா, அல்லது எஞ்சின் பக்கத்தில் ஏதாவது பிராக்கெட்டிலா? எஞ்சினில் மாட்டியிருந்தால், உங்கள் வண்டியின் எர்த் பாதையைத் தாண்டி அடுத்த வண்டியின் எர்த் நேராக எஞ்சினுக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் கோளாறு பேட்டரியில் இல்லை, பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் வரைக்கும் உள்ள வழியில் எங்கோ இருக்கிறது.

பஸ்ஸர் அடித்ததால் எர்த் சரி என்று முடிவு செய்ய முடியாது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. 400 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓம் ஒன்றில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 4 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். நம் கையிலுள்ள மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. எனவே ஓம் ரேஞ்சிலும் பஸ்ஸரிலும் இந்தக் கோளாறு ஒருநாளும் சிக்காது. செல்ஃப் சுற்றிக் கரண்ட் ஓடும்போது வோல்ட்டில்தான் அளக்க வேண்டும்.

முறை எளிது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈய முனையின் மேலேயே, கேபிள் நுனியில் உள்ள லக்கின் மேல் அல்ல, அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து, உடனிருப்பவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 24 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்க வேண்டும்: ஈயத்திலிருந்து லக், லக்கிலிருந்து சேசிஸ் இரும்பு, சேசிஸிலிருந்து எஞ்சின் பிளாக். எந்தத் துண்டில் வோல்ட் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அதேபோல் பிளஸ் பக்கமும் பேட்டரி ஈயத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரைக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிடமாவது மோட்டாரை ஆற விடுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கம்பெனியிலிருந்து வெளிவந்த சேசிஸ் ஒழுங்காகத்தான் வருகிறது. அதன் பிறகு பாடி பட்டறையில் டூல் பாக்ஸுக்கும் தண்ணீர் தொட்டிக்கும் இடம் வேண்டுமென்று பேட்டரி பெட்டியை நகர்த்துகிறார்கள், வெல்டிங் அடிக்கிறார்கள், சேசிஸ் முழுவதும் பெயிண்ட் அடிக்கிறார்கள், இதற்குமேல் ஜிபிஎஸ் மாட்டுபவர் வந்து இக்னிஷன் ஒயரை வெட்டி இணைக்கிறார். புது வண்டி எடுக்கவில்லை என்று யார் வந்தாலும், ஷோரூமை விட்டு வந்த பிறகு அதில் யார் யார் கை வைத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். உங்கள் வண்டியில் பேட்டரி பெட்டி கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கிறதா?

மறுமொழி: டீசல் பம்ப் லேப், கோயம்புத்தூர்

நான் பம்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். இந்த விவரங்களை வைத்து அந்த பம்பைக் கழற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

தேய்ந்த பம்பும், ரிட்டர்ன் அதிகம் விடும் (டீசலை டேங்குக்கே மிகுதியாகத் திருப்பிவிடும்) இன்ஜெக்டரும் பெரும்பாலும் சூட்டில்தான் தகராறு செய்யும். டீசல் சூடானால் இளகும், இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியில் எளிதாகக் கசியும். அதனால் ஓடி வந்து நிறுத்திய வண்டி மறுபடி எடுக்காது, ஆறிய பின் எடுக்கும். உங்கள் வண்டி இதற்கு நேர் எதிராக நடக்கிறது. இழுத்தபோது சில அடிகளில் பிடித்ததும் பம்புக்குச் சாதகமான சாட்சிதான். சக்கரத்தின் வழியாக எஞ்சினுக்குப் போதிய வேகம் கிடைத்தவுடன் பம்ப் அழுத்தத்தைக் கட்டிவிட்டது. காற்றுப் பிடித்த லைனாக இருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்காது.

காமன் ரெயில் எஞ்சின்களில் ரெயில் பிரஷர் ஒரு குறைந்தபட்ச அளவைத் தொடாமல் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்காது. எஞ்சினுக்கு எஞ்சின் அது மாறினாலும், ஏறத்தாழ 150 முதல் 250 பாருக்குள் இருக்கும். எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்துத்தான் பம்பும் சுற்றுகிறது என்பதால், செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நல்ல பம்பும் அந்த அளவை எட்டாது, ஸ்கேனர் பிரஷர் குறைவு என்றே எழுதும். எனவே கோடு எண்ணை மட்டும் படிக்காமல், செல்ஃப் அடிக்கும் நேரத்து ஆர்பிஎம்மையும் ரெயில் பிரஷரையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். ஆர்பிஎம் காட்டவே இல்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஆர்பிஎம் 200 அருகில் இருந்தும் பிரஷர் ஏறவில்லையென்றால் என் போன்றவர்களின் வேலை. இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால், டீசல் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னும் ஒன்று: லோடோடு தொப்பூர்க் கணவாய் ஏறும்போது இழுவை குறைகிறதா, எஞ்சின் விளக்கு எரிகிறதா? பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அந்த ஏற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்டவர்

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொப்பூரில் முழு லோடோடு ஏறும்போது எந்தக் குறையும் தெரிந்ததில்லை என்று டிரைவர் உறுதியாகச் சொல்கிறார். கேபிள் கொடுத்த அன்று கறுப்பு கிளிப்பை எஞ்சின் மவுண்டிங் அருகே உள்ள பிராக்கெட்டில்தான் மாட்டினார்களாம், பேட்டரி முனைக்குக் கிளிப் எட்டவில்லை என்பதே காரணம். பேட்டரி பெட்டியும் இடம் மாறித்தான் இருக்கிறது: டூல் பாக்ஸுக்காக ஒரு முழத்துக்கு மேல் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இரவு நிறுத்தி, காலையில் தொடாமல் அளந்தோம். கண்ணாடி ஹோஸில் குமிழி இல்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளுக்கு நடுவே 21.6 வோல்ட் நின்றது. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 4.2 வோல்ட். பிரித்துப் பார்த்தபோது ஈயத்திலிருந்து லக்குக்கு 0.1, சேசிஸிலிருந்து எஞ்சினுக்கு 0.2, மீதி 3.9 வோல்ட்டும் மைனஸ் கேபிளின் மறுமுனை லக்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் நின்றது. பிளஸ் பக்கம் 0.5 வோல்ட்தான். தெரிந்தவர் ஒருவரின் ஸ்கேனரில் செல்ஃப் வேகம் 100 ஆர்பிஎம்மைச் சுற்றியே இருந்தது, ரெயில் பிரஷர் 120 பாரைத் தாண்டவில்லை.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீஷியன், நாமக்கல்

கணக்கு அப்படியே பொருந்துகிறது தம்பி. இரவில் எஞ்சின் குளிர்ந்து ஆயில் இறுகிவிடுவதால் அதைச் சுற்றக் காலையில் செல்ஃபுக்கு அதிகக் கரண்ட் வேண்டும், அதனால்தான் இந்தத் தடை பகலில் தொல்லை தரவில்லை. அந்த லக்கைக் கழற்றி, அதன் அடியில் சேசிஸ் வெள்ளி போல் மின்னும் வரை சுரண்டுங்கள். லக்கின் முகத்தையும் எமரியால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு துருப் பிடிக்காமலிருக்க மேலே பெயிண்டோ கிரீஸோ பூசலாம், முகங்களுக்கு நடுவில் பெயிண்ட் போகக் கூடாது. கழற்றுவதற்கு முன் செல்ஃப் அடித்த கையோடு அந்த போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில் காட்டும் வோல்ட்டைவிடப் பேட்டரி முனையில் குறைவாகக் காட்டியிருக்கும். சார்ஜ் ஏறுவதும் அதே மூட்டின் வழியாகத்தான். கேபிளைக் கழற்றும் முன் சாவியை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள், பிஎஸ்6 வண்டியில் சாவியை அணைத்த பிறகும் ஆட்ப்ளூ பம்ப் சற்று நேரம் வேலை செய்யும்.

கேட்டவர்

முடிந்தது. போல்ட் சுட்டது உண்மைதான். லக்கை எடுத்தபோது அதன் அடியில் பட்டறைப் பெயிண்ட் வட்டமாக அழுந்தி, வழவழவென்று மின்னிக்கொண்டிருந்தது, இரும்பு எங்கும் தெரியவில்லை. போல்ட்டின் மரை மட்டும்தான் ஓட்டையின் விளிம்பைத் தொட்டிருக்கிறது, அந்த மரையின் ஒரு பக்கம் கருகியிருந்தது. பஸ்ஸர் அடித்ததற்கும் அந்த மரைதான் காரணம் என்று இப்போது புரிகிறது. சுரண்டி மாட்டிய மறுநாள் காலையில் ஓசூரிலேயே பார்த்தோம். எர்த் பக்கம் மொத்தமே 0.3 வோல்ட், செல்ஃப் வேகம் 190 ஆர்பிஎம், பிரஷர் 300 பாரைத் தாண்டியது, இரண்டு வினாடிக்குள் ஸ்டார்ட். அதன் பிறகு கோடும் திரும்ப வரவில்லை.

மறுமொழி: டீசல் பம்ப் லேப், கோயம்புத்தூர்

மகிழ்ச்சி. சர்வீஸ் சென்டருக்கு ஒரு முறை போய், பழைய ஜாப் கார்டில் பம்ப் தேய்மானம், கலப்பட டீசல் என்று எழுதியிருந்தால் அதை ரத்து செய்து, எர்த் இணைப்புச் சரி செய்யப்பட்டது என்று அளவுகளோடு எழுதி வாங்கிவிடுங்கள். நாளைக்கு வேறு காரணத்தால் இன்ஜெக்டர் வாரண்டி கேட்க நேர்ந்தால், அந்தப் பழைய வரியைக் காட்டி மறுக்க இடம் இருக்கக் கூடாது.

கேட்டவர்

அதை இந்த வாரமே செய்துவிடுகிறேன். அதே பட்டறையில் பாடி கட்டிய நண்பரின் லாரியையும் இன்று காலையில் அளந்தோம். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதிலும் அதே போல்ட்டில் 1.8 வோல்ட் நின்றது. அதையும் கழற்றிச் சுரண்டிவிட்டோம். பட்டறைக்காரரிடமும் நேரில் சொன்னேன்; இனிப் பெட்டியை நகர்த்தும் வண்டிகளில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் லக்கை மாட்டச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.