டெவலப்பர்: உருவாக்கியா, துலக்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தமிழ்க் கலைச்சொல் தொகுப்பில், ஒளிப்பட அச்சு, ஆவணப்படி (ஜெராக்ஸ்) இயந்திரங்கள் பட்டியலில் ‘டெவலப்பர்’ என்பதற்கு நேராக ‘உருவாக்கி’ என்று ஏறியிருப்பதைப் பார்த்தேன். பதிந்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் படத்தைத் தெரியவைக்கும் பொருள்தான் இந்த டெவலப்பர். மென்பொருள் பட்டியலில் இருந்த சொல்லை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறோம். இது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில் சில விநாடி வெளிச்சம் காட்டி எடுத்த காகிதம் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதை டெவலப்பர் தட்டில் அமிழ்த்தி, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் முதலில் தலைமுடி வரும். அப்புறம் புருவம், மீசை, கண்மணி. கன்னமும் நெற்றியும் கடைசியில்தான். எத்தனை நூறு பிரிண்ட் போட்டாலும் அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டோம்.

ஒரு நாள் இரவு, ஒரு கல்யாண ரோலை டெவலப்பருக்குப் பதிலாக, அதற்கு அடுத்து படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஹைப்போ தொட்டியில் இறக்கிவிட்டேன். ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது, முழு இருட்டில் கைதான் கண். விளக்கைப் போட்டபோது ரோல் கண்ணாடி மாதிரி இருந்தது. முப்பத்தாறு படங்களில் ஒன்றுகூட இல்லை. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “படம் இதுல இருந்துச்சுப்பா. நாமதான் அழிச்சிட்டோம்” என்றார். அந்தக் குடும்பத்துக்குத் தகவல் சொல்லப் போனதும் அவர்தான்.

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. ஒளி பட்ட வெள்ளி புரோமைடு படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தாலே போதும், அங்கே படம் பதிந்தாயிற்று. கண்ணுக்குத்தான் தெரியாது. டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றுகிறது. கறுப்பாகத் தெரிவது அதுதான். ஒளி படாத படிகத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. எங்கே கறுக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஒளி, அதை வெளியே கொண்டுவருவது டெவலப்பர். பாடநூலில் ‘உள்ளுறை வெப்பம்’ இருப்பதால், இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும் படத்தை நாமும் போன மாதம் ‘உள்ளுறை படிமம்’ என்று ஏற்றுக்கொண்டோம். உள்ளே உறைகிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அதை வெளியே கொண்டுவருவதை ‘உருவாக்கி’ என்பது எப்படிப் பொருந்தும்?

இந்த வேறுபாட்டில்தான் ஒளிப்படக் கலையின் பெரிய திருப்பமே இருக்கிறது. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஆங்கிலேயர் டால்பட் முதலில் செய்த காகிதத்தில் படம் வெளிச்சம் பட்டே கறுத்துத் தெரிய வேண்டும். அதற்குக் கேமராவை வெயிலில் நெடுநேரம் வைத்துக் காத்திருக்க வேண்டும். 1840 செப்டம்பரில், வெறுமையாகத் தெரிந்த தாளில் காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்ந்த கரைசலைத் தடவியதும் படம் எழுந்து வருவதைக் கண்டார். கேமராவின் முன் காத்திருப்பது நிமிடக் கணக்குக்கு இறங்கிவிட்டது. இந்த ஒரு வேலைக்குத்தான் நாம் இப்போது சொல் தேடுகிறோம்.

நான் முன்வைப்பது ‘துலக்கி’. வினை ‘துலக்குதல்’. பாத்திரம் துலக்கும்போது பித்தளையை யாரும் புதிதாகச் செய்வதில்லை, இருக்கிற பளபளப்பைத்தான் வெளியே கொண்டுவருகிறோம். துப்புத் துலக்குவதும் அப்படித்தான். ‘படம் துலங்கியது’ என்று தன்வினையிலும் சொல்லலாம். ‘துலக்குத் தட்டு’, ‘துலக்கும் நேரம்’, ‘துலக்காத ரோல்’ எல்லாம் இழுத்துக்கட்டாமல் வருகின்றன. எழுதிப் பாருங்கள்.

மதுரை நண்பர் ‘கழுவி’ என்றே வைக்கலாம் என்றார். ஊரெல்லாம் ஃபிலிம் கழுவுவது என்றுதானே சொல்கிறோம் என்பது அவர் வாதம். அந்தப் பேச்சு வழக்கு எனக்கும் பிடிக்கும், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பட்டியலில் வைத்தால் சிக்கல். டெவலப்பர், ஹைப்போ எல்லாம் முடிந்த பிறகு ஓடுகிற தண்ணீரில் அலசுவது தனிப் படி. கழுவுதல் என்ற சொல் அதற்கு வேண்டும். பாட்டி பாத்திரத்தைத் துலக்கிவிட்டு அப்புறம்தான் கழுவுவார். இருட்டறையிலும் அதே வரிசை.

அதைவிட முக்கியமாக, ஜெராக்ஸ் இயந்திரத்தில் தண்ணீரே கிடையாது. அந்தப் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கே உலர்ந்தது என்றுதான் பொருள். போட்டோஸ்டாட் என்ற பழைய நகல் முறையில் ஒளி உணரும் காகிதத்தை ஈரக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டியிருந்த காலத்தில் வைத்த பெயர் அது.

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனும் அவர் உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் செய்ததைப் பாருங்கள். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்துச் சில விநாடி விளக்கு வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் போய்விட்டது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கிவிட்டது. தகட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லைக்கோபோடியம் என்ற செடியின் மிக நுண்ணிய வித்துப் பொடியைத் தூவி வாயால் ஊதியதும் எழுத்து தெரிந்தது. அங்கேயும் உள்ளுறை படிமம்தான், வெள்ளிக்குப் பதில் மின்னூட்டம். அந்தப் பொடி செய்ததும் துலக்கும் வேலைதான்.

போன வாரம் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இயந்திரத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். சர்வீஸ் செய்ய வந்த தம்பி டெவலப்பர் யூனிட்டைத் திறந்து காட்டினார். உள்ளே காந்த உருளை, அதன்மேல் இரும்புத் துகள்கள் தூரிகை மயிர் மாதிரி சிலிர்த்து நின்றன. எழுத்தாக அச்சாகிற தூளான டோனர் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டு சுற்றி வருகிறது. உள்ளுறை படிமம் பதியும் உருளையான டிரம்மில், எழுத்து பதிந்த இடத்தில் மட்டும் டோனர் தாவிப் போய் ஒட்டும். இரும்பு திரும்பி வந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்த கலவைதான் இங்கே டெவலப்பர். “டோனர் தீரத் தீர ஊத்தலாம் சார். டெவலப்பர் தீராது, வீக்காகும். அப்ப மொத்தமா மாத்தணும்” என்றார்.

இந்த வேறுபாடு பட்டியலிலும் தெரிய வேண்டும். கோவைப் பேராசிரியர் அம்மா டோனருக்கும் இரண்டு துறையிலும் ஒரே சொல் வேண்டும் என்று எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கம். ஜெராக்ஸில் டோனர் என்பது எழுத்தாகவே காகிதத்தில் உருகி ஒட்டுகிற பொருள். அதற்கு ‘மைத்தூள்’ சரி. இருட்டறை டோனர் ஏற்கெனவே வந்துவிட்ட படத்தின் நிறத்தைச் செபியாவாகவோ நீலமாகவோ மாற்றுகிற கரைசல். அது ‘நிறமாற்றி’. ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காக இங்கே ஒட்டவைத்தால் படிக்கிற பிள்ளைகள் குழம்புவார்கள். டெவலப்பர் விஷயம் வேறு. ஒன்று நீர், ஒன்று தூள் என்றாலும் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன.

உயிரியல் பாடத்தில் ‘தூண்டல், துலங்கல்’ இருக்கிறதே, மோதாதா என்ற கேள்வி நியாயமானது. அங்கே துலங்கல் என்பது உயிரி தானே காட்டும் எதிர்வினை. இங்கே பிறவினை, ‘துலக்கல்’. ஓர் எழுத்து வேறுபாடு அச்சில் நழுவும் என்று பயந்தால் ‘படம் துலக்கல்’ என்று முழுதாக எழுதலாம்.

எதிர்ப்பு இல்லையென்றால் 'உருவாக்கி'யை எடுத்துவிட்டு ‘துலக்கி’ என்று திருத்தலாமா? அப்புறம், அந்த இரும்புத் துகளுக்கு இன்னும் பெயர் இல்லை. ‘தாங்கி’ என்றால் பேரிங்கோடு குழம்பும். அது டோனரைச் சுமந்து போய் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. துறைமுகத்திலோ சந்தையிலோ இப்படிச் சுமப்பவருக்கு வழங்கும் பழைய சொல் ஏதாவது தெரிந்தவர்கள் எழுதுங்கள்.