புது ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கிறது, அரை மணி நேரம்தான் தாங்குகிறது – உதவுங்கள்

நாதப்பித்தன்:
பதினைந்து வருடம் ஓடிய பழைய ஸ்பீக்கரை ஒதுக்கிவிட்டு இரண்டு மாதம் முன்பு புது ஜோடி வாங்கினேன். கடையில் அசந்துபோனேன். வயலினில் வில் உரசுவது, பாடுபவர் மூச்சிழுப்பது, ஜால்ராவின் கடைசி ரீங்காரம் வரை தனித்தனியாகக் கேட்டது. வீட்டில் அரை மணி நேரத்தில் காது அலுத்துவிடுகிறது. 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. அம்மாவோ, "பழசுலதான்டா ஆள் பாடுற மாதிரி இருக்கும்" என்கிறார். ஆம்ப்ளிஃபயரை மாற்றவா? ஹால் 12க்கு 14 அடி, டைல்ஸ் தரை, திரைச்சீலை இல்லை.

பழைய_வால்வு:
ஆம்ப்ளிஃபயரில் கை வைக்காதீர்கள், காசுதான் போகும். டீடெய்ல் (நுணுக்கம்) என்று விற்பது பல நேரம் ட்ரெபிளை, அதாவது மேல்ஸ்தாயி ஒலியை, கொஞ்சம் தூக்கி வைத்ததுதான். 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்கு நம் காது ரொம்பக் கூர்மை. அங்கேயும் அதற்குச் சற்று மேலேயும் சத்தம் இரண்டு டெசிபல் ஏறினால் கடையில் ஐந்து நிமிடத்துக்குப் பளிச்சென்று இருக்கும். வீட்டில் அதுவே தொல்லை.

பிபிசி பொறியாளர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் செய்தார்கள். உயரம் 30 செ.மீ.தான். ஆழமான பாஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) கிடையாது, பெரிய சத்தமும் வராது. ஆனால் பிபிசியில் ஸ்பீக்கரைச் சோதிக்கும் வழக்கமே வேறு: ஒருவர் பேசுவதை நேரில் கேட்டுவிட்டு, அதே குரலை ஸ்பீக்கரில் கேட்டு ஒப்பிடுவார்கள். மனிதக் குரலில் கோளாறு இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மா செய்ததும் அந்தச் சோதனைதான்!

மிக்ஸிங்_தம்பி:
அண்ணா, கொஞ்சம் மாறுபடுகிறேன். மந்தமாக இருப்பதெல்லாம் இயல்பு ஆகிவிடாது. பழசு காதுக்குப் பழகிப்போயும் இருக்கலாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் 1980களில் ஸ்பீக்கரைக் காட்டாமல் மறைத்து வைத்துச் சோதனை நடத்தினார். பெரும்பாலோருக்குப் பிடித்தவை, நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் ஒலி சீராக வந்த ஸ்பீக்கர்கள். டீடெய்லோடு சண்டை வேண்டாம், சில ஒலி தூக்கலாகவும் சில அடங்கியும் வரும் மேடு பள்ளம்தான் வில்லன்.

யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் கதை தெரியுமா? 1978இல் வீட்டுக்கென்று வந்தது, எடுபடவில்லை. பிறகு ஒலிப்பதிவில் குறை கண்டுபிடிக்க உதவும் என்று ஸ்டூடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிலேயே பலர் ட்ரெபிளை அடக்க, அதைத் தரும் பாகமான ட்வீட்டர் மேல் டிஷ்யூ தாளை ஒட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள்.

நாதப்பித்தன் சார், உங்கள் ஹாலில் டைல்ஸும் வெறும் சுவரும் ட்ரெபிளைத் திருப்பி அடிக்கின்றன. முதலில் தரையில் கனமாக எதையாவது விரியுங்கள். ஸ்பீக்கர் முகம் காதைப் பார்த்து இருந்தால் சற்று விலக்கித் திருப்புங்கள். ட்வீட்டருக்கு நேரே உட்கார்ந்தால்தான் ட்ரெபிள் அதிகம். அப்புறமும் சீறினால் ட்ரெபிளை 2 டெசிபல் குறையுங்கள். பழசோடு ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே சத்தம் வையுங்கள், இல்லாவிட்டால் சத்தமானதுதான் ஜெயிக்கும்.

நாதப்பித்தன்:
இரண்டு ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரையும் திருப்பி வைத்தேன். சீறல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. நேற்று ஒன்றரை மணி நேரம் கேட்டேன். சத்தத்தைச் சமமாக்கிப் பழசைப் போட்டால் தம்பூரா மங்கல்தான், தம்பி சொன்னது சரி. ஆனால் செய்தி வாசிப்பவர் குரல் இன்னும் பழசில்தான் ஆள் மாதிரி இருக்கிறது. திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன்.