மறு: எக்ஸூவியா – தோலுரியா, கழிதோலா, சட்டையா?

வணக்கம் நண்பர்களே,

பூச்சி வளரும்போது உரித்துவிட்டுப் போகிற வெற்றுடலை ஆங்கிலத்தில் எக்ஸூவியா என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்தவை: எக்ஸூவியா என்று அப்படியே எழுதிவிடுவது, தோலுரி, கழிதோல், புறவுறை, உரி, கூடு. எனக்கு எதுவும் ஒட்டவில்லை. பேச்சில் ஏற்கெனவே இருக்கிற 'சட்டை'யையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதற்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமலே அதற்குப் பெயர் தேடுகிற மாதிரி தெரிகிறது.

மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு அல்லித் தொட்டி இருக்கிறது. விடிகாலையில் போனால் அல்லித் தண்டிலோ, விளிம்போரம் செருகி வைத்த மூங்கில் குச்சியிலோ, தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்தால் எடையே தெரியாது, உள்ளே ஆள் இல்லை. தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் குஞ்சு மேலேறி வந்து, தட்டானாகிப் பறந்துபோன பிறகு மிஞ்சியது அது. முதுகில் நெடுக ஒரு கிழிசல், அதிலிருந்து வெள்ளையாகச் சில இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை மூச்சுக்குழாய்களின் உள்தோல், தட்டான் வெளியேறும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வந்துவிடுகிறது. கால் நகம், இறகு மொட்டு, கண்ணை மூடியிருந்த மெல்லிய தோல், எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்கும். முகத்தை மறைத்தாற்போல் மடங்கிக் கிடப்பது கீழுதடு, தண்ணீருக்குள் இருந்தவரை அதை நீட்டித்தான் கொசுப்புழுவைப் பிடித்தது. ஊசித்தட்டானுடையது ஒல்லியாக இருக்கும், வால் நுனியில் இலை வடிவில் மூன்று செவுள்கள் சுருங்கிப்போய் ஒட்டியிருக்கும். (கொசுவுக்குப் பயந்து கப்பி மீன் விட்டிருப்பவர்கள் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம், அது கொசுப்புழுவோடு தட்டான் குஞ்சையும் தின்றுவிடும்.)

படம் எடுக்க இதைவிடச் சாதுவான ஆள் கிடையாது. பின்னால் ஒரு கறுப்பு அட்டை, பக்கவாட்டில் காலை வெயில், மொபைலில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் இருந்தால் போதும், அந்த வெள்ளை இழைகூடத் தெளிவாக விழும்.

அப்புறம், இது வெறும் அழகுப் பொருளும் இல்லை. மழைக்காலத்தை ஒட்டி நம்ம ஊர் மைதானங்களில் கூட்டமாகப் பறக்கிற மஞ்சள் தட்டானை, அதாவது பான்டாலா ஃபிளேவசென்ஸை, எடுத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை வலசை போகிற இனம் அது. அதை நம் தெருவில் படம் எடுத்துவிட்டதால் அது இங்கேதான் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. சட்டை கிடைத்தால் சொல்லலாம், பிறந்த தண்ணீருக்குப் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறது இல்லையா. பள்ளிக்கரணைச் சதுப்பிலோ ஏதாவது ஒரு கோயில் குளத்திலோ எந்தத் தட்டான் இனம் பெருகுகிறது என்று கேட்டால் பறக்கும் படங்களைவிட இதுதான் உறுதியான சாட்சி. அதனால்தான் இதற்கு நல்ல பெயர் வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறேன்.

இனி சொற்களுக்கு வருவோம்.

> எக்ஸூவியா என்றே எழுதலாமே, அறிவியலாளருக்குப் புரியும்

அறிவியலாளருக்கு எப்படி எழுதினாலும் புரியும். நம் பூச்சிப் பட்டியல்களைப் படிக்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் மாடித்தோட்டக்காரர்களும். வெந்தய வரியன், எலுமிச்சை அழகி என்று பட்டாம்பூச்சிகளுக்குப் பெயர் வந்த பிறகுதானே பிள்ளைகள் வாயில் அவை நுழைந்தன? 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியை அறிவித்தபோது 'தமிழ் மறவன்' என்ற பெயர் இல்லாமல் போயிருந்தால் அந்தச் செய்தியைப் பாதிப் பேர் தாண்டிப் போயிருப்பார்கள்.

> கழிதோல் – சுருக்கம், வினைத்தொகை, இலக்கணம் சரி

இலக்கணம் சரிதான் ஐயா. ஆனால் கழி என்றதும் கழிவுதான் முதலில் நிற்கிறது. கறிவேப்பிலைச் செடியில் புழு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள், பல இனங்களில் புழு தோலை உரித்த கையோடு திரும்பி அதையே தின்றுவிடும், தலை ஓடு மட்டும் கீழே உதிர்ந்து கிடக்கும். அதற்குக் கழிவே இல்லாத ஒன்றை நாம் கழிவு என்பானேன். 'தோல்' என்பதும் எனக்கு உறுத்துகிறது, தட்டான் விட்டுப்போவது தோல் மாதிரி தொய்ந்து கிடப்பதில்லை, விறைப்பாக நிற்கிறது.

புறவுறையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, தலையணை உறை ஞாபகம்தான் வருகிறது.

'உரி' என்று மட்டும் வைக்கலாம் என்ற அக்காவின் யோசனைதான் இருப்பதில் எனக்குப் பிடித்தது. மரவுரி என்கிறோம், பொருநராற்றுப்படையில் 'அரவுரி அன்ன அறுவை' என்று பாம்பின் உரியையும் மெல்லிய துணியையும் ஒன்றாக வைத்துப் பாடியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு உரி என்று வாயால் சொன்னால் வெண்ணெய் உறியா இதுவா என்று கேட்பார்கள், சென்னையில் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றுதான்.

அந்த உவமைதான் என்னைச் சட்டைக்குக் கொண்டுபோனது. பாம்புச் சட்டை என்றால் விளக்கம் தேவையில்லை, பாம்பு சட்டை உரித்துவிட்டுப் போயிருக்கிறது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். எக்ஸூவியாவின் லத்தீன் மூலத்துக்கும் கழற்றிப் போட்ட உடை என்ற பொருள்தான் இருக்கிறது. பாம்புக்கு இருக்கிற சொல்லைப் பூச்சிக்கும் நீட்டினால் போதும், புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. (இதுவரை யாரும் சட்டைசெய்யாத பொருள் என்பதும் பொருத்தம்தான்.)

ஒரு சிக்கல் இருக்கிறது, ஒளிக்கவில்லை. 'தட்டான் சட்டை' என்று எழுதிய மறுநிமிடம் யாராவது 'தட்டானுக்குச் சட்டை போட்டால் குட்டைப் பையன் கட்டையால் அடிப்பான்' என்று ஆரம்பிப்பார்கள், இன்னொருவர் பொற்கொல்லரின் சட்டையா என்பார். தும்பி என்று மாற்றினால், பழைய பாட்டில் தும்பி வண்டாயிற்றே என்று வேறொருவர் கிளம்புவார். பொதுச்சொல்லாக 'உரிசட்டை' என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, நடுவில் ச் மிகாது, தயவுசெய்து யாரும் 'உரிச்சட்டை' என்று திருத்த வேண்டாம். பேச்சில் வெறும் சட்டை, கட்டுரையில் உரிசட்டை.

வெறும் 'கூடு' போதாதா என்று கேட்ட நண்பருக்கு: பட்டாம்பூச்சிக்குப் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அந்துப்பூச்சிக்கு? ஒரு பட்டுக்கூட்டை வெட்டிப் பாருங்கள். வெளியே இழையால் நூற்ற கூடு, உள்ளே கூட்டுப்புழுவின் பழுப்பு ஓடு, அதன் காலடியில் புழு கடைசியாகக் கழற்றிய தோல் கசங்கிக் கிடக்கும். கூடு என்பது நூற்றதை மட்டும் குறிக்கட்டும், மற்ற இரண்டும் உரிசட்டை. கரப்பானுக்கும் சிலந்திக்கும் இதே சொல் ஓடும் என்று நினைக்கிறேன்.

நண்டு, இறாலில்தான் தயக்கம், அங்கே ஓடு என்ற சொல் வலுவாக உட்கார்ந்திருக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஆள் தெரிந்தவர்கள், நண்டு கழற்றிப் போடுவதை அங்கே என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை என் படங்களுக்குக் கீழே உரிசட்டை என்றுதான் போடப் போகிறேன், ஆட்சேபம் உள்ளவர்கள் இந்த இழையிலேயே சண்டைக்கு வரலாம்.